குடியும் மனநோயும் ஒரே கூரையின் கீழ்



வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்றால் நமது சமூகம் அதைத் தாழ்ந்த குரலில் பேசும். அவர் குடிக்கிறார் என்றால் பேசவே பேசாது. இந்த இரண்டும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்துவிட்டால் அந்த வீட்டு உம்மா என்ன செய்வார்? கிளினிக்குக்கு அழைத்துச் செல்வார். தூக்கமில்லை, தனியே பேசுகிறான், சந்தேகப்படுகிறான் என்றெல்லாம் வைத்தியரிடம் சொல்வார். "குடிப்பழக்கம் உண்டா?" என்று வைத்தியர் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு "அப்படி ஒன்றும் இல்லை" என்பார்.

முஸ்லிம் வீட்டுப் பிள்ளை குடிக்கிறான் என்பதை வாய்விட்டுச் சொல்ல எந்தத் தாய்க்குத்தான் நாக்கு எழும்? ஆனால் அந்த ஒரு பதில் முழு வைத்தியத்தையும் தடம்மாறச் செய்துவிடும். அது எப்படி என்பதை விளக்கவே இக்கட்டுரை.

இது என்ன நோய்?

மனச்சிதைவு நோயை வைத்தியர்கள் ஸ்கிட்ஸோஃபிரீனியா என்று அழைக்கிறார்கள். 1908ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மனநோய் வைத்தியர் ஒய்கன் புளொய்லர் இட்ட பெயர் இது. உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ ஆரம்பிக்கும். பெண்களுக்குச் சில வருடங்கள் பிந்தி வரும்.

யாருமில்லாத இடத்தில் குரல் கேட்பது, தனக்கு எதிராகச் சதி நடக்கிறது என்று உறுதியாக நம்புவது, பேச்சில் தொடர்பு அறுந்துபோவது ஆகியவை வெளியே தெரியும் அறிகுறிகள். குளிக்க மனமில்லாமை, எவருடனும் சேராமை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை அமைதியான அறிகுறிகள். இவற்றைத்தான் நாம் "சோம்பேறித்தனம்" என்று ஏசுகிறோம். இது வளர்ப்பின் குறையால் வருவதல்ல. பரம்பரை, மூளையின் இரசாயன மாற்றம், வாழ்க்கை நெருக்கடி எனப் பல காரணங்கள் சேர்ந்து வருவது. 1952இல் குளோர்புரோமசின் என்ற மருந்து வைத்தியத்துக்கு வந்த பிறகு, பூட்டி வைக்கப்பட்டிருந்த எத்தனையோ பேர் வீடு திரும்பினார்கள். இன்று அதைவிடச் சிறந்த மருந்துகளும் உள்ளன.

ஏன் குடிக்கிறார்கள்?

மனச்சிதைவு நோயாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் மதுவால் பாதிக்கப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நாடு, சமூகம், மார்க்கம் என்பவற்றைப் பொறுத்து இந்த அளவு மாறும். நமது சமூகத்தில் குறைவாக இருக்கலாம். ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது.

காரணங்களைக் கேட்டால் மனம் கனக்கும். காதில் ஓயாமல் திட்டும் குரல் சற்று அடங்கட்டும் என்று குடிப்பவர் உண்டு. தூக்கம் வரட்டும் என்று குடிப்பவர் உண்டு. மருந்தினால் வரும் கை நடுக்கத்தையும் உள்ளுக்குள் எழும் பரபரப்பையும் தாங்காமல் குடிப்பவர் உண்டு. எல்லாவற்றையும் விடப் பெரியது தனிமை. கூடப் படித்தவர்கள் தொழிலுக்குப் போய்விட்டார்கள், மணமுடித்துவிட்டார்கள். இவனை எவரும் தேடுவதில்லை. ஒரு போத்தலைச் சுற்றி உட்காரும் கூட்டம் மட்டும் "வா மச்சான்" என்று கூப்பிடுகிறது. அங்கே இவனை யாரும் பைத்தியம் என்பதில்லை.

இது குடிக்கு நியாயம் கற்பிப்பதல்ல. காரணம் தெரியாமல் பரிகாரம் செய்ய முடியாது என்பதற்காகவே சொல்கிறோம்.

குடி செய்யும் கேடு

முதலாவது, மருந்து தவறுகிறது. குடிக்கும் நாளில் பலர் குளிசையை விட்டுவிடுகிறார்கள். சிலர் மறந்து விடுகிறார்கள்; சிலர் "இரண்டும் சேர்ந்தால் ஆபத்து" என்று பயந்து விடுகிறார்கள். ஒரு நாள் மூன்று நாளாகும், மூன்று நாள் ஒரு மாதமாகும். அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்கும். மறுபடி வார்டு, மறுபடி ஊசி.

இரண்டாவது, மருந்தும் மதுவும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிடும். இந்நோய்க்குரிய மருந்துகள் பலவற்றுக்குத் தூக்க மயக்கம் தரும் தன்மை உண்டு. மதுவுக்கும் அதே தன்மை. இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழலாம். குளோசபின் போன்ற சில மருந்துகள் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுபவை. குடியைத் திடீரென நிறுத்துவதும் அதையே செய்யும்.

மூன்றாவது, போதை தெளிந்த பின் பதற்றமும் சோர்வும் முன்பைவிடக் கூடும். குரல்களை அடக்கக் குடித்தவனுக்கு மறுநாள் அவை இன்னும் உரத்துக் கேட்கலாம்.

நான்காவது, உயிராபத்து. இந்நோயாளர்கள் தற்கொலை செய்துகொள்ளும் அபாயம் ஏனையோரை விட மிக அதிகம். மது அந்த அபாயத்தை மேலும் கூட்டுகிறது. நமது நாட்டில் ஆபத்தான பூச்சிமருந்துகள் தடை செய்யப்பட்ட பின்னர் தற்கொலைகள் பெருமளவு குறைந்தன என்பது உலகமே பாடமாக எடுத்துக்கொண்ட அனுபவம். ஆகவே தோட்டத்து மருந்தையும் மிச்சமுள்ள குளிசைகளையும் பூட்டி வைப்பது சிறிய காரியமல்ல.

ஐந்தாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். "மனநோயாளி அடிப்பான், வெட்டுவான்" என்று ஊர் பயப்படுகிறது. சுவீடனில் 8,003 நோயாளர்களின் விபரங்களைப் பரிசீலித்து 2009இல் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான பதில் தந்தது. மது, போதைப் பழக்கம் இல்லாத நோயாளர் வன்முறைக் குற்றம் புரியும் வாய்ப்பு பொதுமக்களைவிட 1.2 மடங்குதான். அப்பழக்கம் சேர்ந்தபோது அது 4.4 மடங்காகியது. நாம் நோயின் மேல் போடும் பழியில் பெரும் பகுதி போத்தலுக்கே உரியது.

நோன்புக்கு முதல் நாள்

இது பலருக்குத் தெரியாத ஆபத்து. தினமும் அதிகமாகக் குடிப்பவர் ஒருவர் "நோன்பு வருகிறது, இனித் தொடமாட்டேன்" என்று ஒரே நாளில் விடுகிறார். வீட்டார் மகிழ்ந்து போகிறார்கள். முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்களைக் கண்டு அலறலாம். "ஜின் பிடித்துவிட்டது" என்று ஓதிப் பார்ப்பவரைத் தேடி ஓடுவோம். உண்மையில் இது குடியை நிறுத்தியதால் உடல் காட்டும் எதிர்விளைவு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லாவிட்டால் உயிரே போகலாம்.

குடியை விடவேண்டும் என்ற நிய்யத் மிக நல்லது. ஆனால் நீண்ட காலம் அதிகம் குடித்தவர் அதை வைத்தியரின் மேற்பார்வையில்தான் விடவேண்டும். அதேபோல், நோன்பு காலத்தில் குளிசையை நாமாக நிறுத்திவிடாமல், ஸஹருக்கும் இஃப்தாருக்கும் நேரத்தை மாற்றித் தரும்படி முன்கூட்டியே கேட்கலாம். நோன்பு பிடிக்கலாமா என்பதையும் வைத்தியரிடமும் ஆலிமிடமும் கேட்டறியுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

* வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். சாராயமா, கசிப்பா, எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் என்று சொல்லுங்கள். அவர் தீர்ப்புச் சொல்ல அங்கே உட்காரவில்லை, மருந்தின் அளவைத் தீர்மானிக்க உட்கார்ந்திருக்கிறார். மகனின் முன்னால் சொல்லத் தயங்கினால் தனியே சந்தித்துச் சொல்லுங்கள்.

* குடித்த நாளில் குளிசையை என்ன செய்வது என்று முன்பே கேட்டு வையுங்கள். தினமும் குளிசை எடுப்பது சிரமமானால் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி பொருந்துமா என்றும் கேளுங்கள்.

* தேநீரில் மருந்தை இரகசியமாகக் கலக்காதீர்கள். "நஞ்சு வைக்கிறார்கள்" என்று ஏற்கெனவே சந்தேகப்படும் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு உங்கள் கையால் தண்ணீரும் குடிக்கமாட்டான்.

* ஏச்சைக் குறையுங்கள். ஓயாத குற்றச்சாட்டும் கடுகடுப்பும் நிறைந்த வீட்டில் நோய் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை ஜோர்ஜ் பிரவுன் என்பவர் இலண்டனில் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. போதையில் இருக்கும்போது தர்க்கிக்காதீர்கள். மறுநாள் காலை, தெளிந்த வேளையில், "நேற்று பயந்துவிட்டேன் மகன்" என்று சொல்லிப் பாருங்கள். "நீ எங்கள் மானத்தை வாங்கிவிட்டாய்" என்பதைவிட அது ஆழமாக இறங்கும்.

* பொழுதுக்கு ஒரு வேலை கொடுங்கள். கடையில் ஒரு மணித்தியாலம், கோழிக்குத் தீன் போடுவது, வாப்பாவுடன் பள்ளிவாசலுக்குப் போவது, எதுவானாலும் சரி. போத்தல் கூட்டத்துக்குப் பதிலாக வேறொரு கூட்டம் அவனுக்கு வேண்டும்.

* கை ஓங்கினால் சபுர் என்று சகித்துக்கொண்டு அறைக்குள் நிற்காதீர்கள். பிள்ளைகளுடன் வெளியேறி உதவி கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கல்யாணம் மருந்தல்ல

"ஒரு பெண்ணைப் பார்த்து முடித்து வைத்தால் திருந்திவிடுவான்" என்ற ஆலோசனை வராத வீடில்லை. நோய் அடங்கி, குடியை விட்டு, மருந்தை ஒழுங்காக எடுப்பவர் நல்ல குடும்பஸ்தராக வாழ முடியும். அப்படி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டையும் மறைத்து, நோய் கொதிக்கும் நேரத்தில் நிக்காஹ் செய்து வைப்பது ஒரு குமரின் வாழ்வைப் பரிசோதனைக்கு வைப்பதாகும். பெண் வீட்டாரிடம் உண்மையைச் சொல்வது நம்மிடமுள்ள அமானிதம். உங்கள் மகளுக்கு இப்படி நடந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

எங்கே போவது?

முன்பு மனநோய் என்றால் அங்கொடை என்ற ஒரு பெயர்தான் ஞாபகம் வரும். அந்த ஆஸ்பத்திரி இன்று தேசிய மனநல நிறுவகம். 2005ஆம் ஆண்டின் மனநலக் கொள்கைக்குப் பின் மாவட்ட மட்டத்திலும் சேவைகள் விரிந்தன. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக் எந்தக் கிழமை நடக்கிறது என்று விசாரியுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். நோய்க்கும் குடிக்கும் ஒரே இடத்தில், ஒரே குழுவினரிடம் சேர்த்து வைத்தியம் பெறுவதே நல்லது. ஒன்றை விட்டு மற்றதை மட்டும் குணப்படுத்துவது கடினம்.

இதில் வெட்கப்பட ஏதுமில்லை. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மாரிஸ்தானில் மனநோயாளருக்கென்றே தனி இடம் இருந்தது. நோயாளியை மறைத்து வைப்பது நமது மரபாக இருந்ததில்லை.

சகோதரியே, விட்டவர் மறுபடி ஒருநாள் குடிக்கலாம். அதைக் கண்டு "எல்லாம் வீண்" என்று கையை விரித்துவிடாதீர்கள். அடுத்த கிளினிக் நாளை மட்டும் தவறவிடாதீர்கள். அன்று வைத்தியர் மீண்டும் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது நிமிர்ந்திருந்து உள்ளதைச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் பிள்ளையின் சுகம் அந்தப் பதிலிலிருந்தே தொடங்கலாம்.