மின்சாரக் காரும் மெத்தென்ற பயணமும்



கொட்டாஞ்சேனையில் வாழும் என் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2025ஆம் ஆண்டில், தமக்குக் கிடைத்த பணிக்கொடையின் பெரும் பங்கைச் செலவிட்டு மின்சாரக் கார் ஒன்றை வாங்கினார். எண்பது வயதைக் கடந்த அவருடைய அன்னையார் முள்ளந்தண்டு நோயால் வருந்துபவர். அவரை வாரந்தோறும் வெள்ளவத்தையிலுள்ள மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே கார் வாங்கியதன் தலையாய நோக்கம். ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று நண்பர் விசாரித்தார். மின்கலத்துக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்றும் விசாரித்தார். பின்னிருக்கையில் அமர்பவரின் முதுகை அவ்வண்டி எவ்வாறு நடத்தும் என்பதை மட்டும் விசாரித்தாரில்லை. முதற் பயணம் முடிந்து இறங்கிய அன்னையார், “தம்பி, அப்பாவின்ரை மொறிஸ் மைனர் இதிலும் திறம்” என்றாராம்.

இத்துணை விலைகொடுத்து வாங்கிய புதுவண்டி, அறுபது ஆண்டுப் பழைய வண்டிக்குத் தோற்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

கொழும்பு மாநகருக்கு மின்சார வண்டி புதியதன்று. 1960ஆம் ஆண்டுவரை கிராண்பாஸ் வரையில் ட்ராம் வண்டிகள் ஓடின. 1953 முதல் 1964 வரை ட்ரொலி பஸ்கள் ஓடின. அவை மின்சாரத்தை மேலே செல்லும் கம்பியிலிருந்து பெற்றன. இன்றைய கார் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே சுமந்து செல்கிறது. நம் வினாவின் வேர் இந்தச் சுமையிலேதான் இருக்கிறது. மொறிஸ் மைனரின் நிறை ஏறத்தாழ 775 கிலோகிராம். 2010இல் உலகச் சந்தைக்கு வந்து, பின்னர் ஜப்பானில் ஓடிய பழைய வண்டியாக நம் நாட்டுக்கும் வந்துசேர்ந்த நிசான் லீஃப் காரின் நிறையோ ஏறத்தாழ 1,500 கிலோகிராம். அதில் மின்கலத் தொகுதி மட்டுமே 300 கிலோகிராம் அளவாகும்.

அப்படியாயின், நிறை மிகுந்தமையால்தான் குலுக்கம் மிகுந்ததோ எனின், அன்று. அதிகாலையில் வெறுமையாக ஓடும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். ஒவ்வொரு குழிக்கும் உடல் துள்ளும். அதே பஸ் மாலையில் சனங்கள் நிறைந்து வரும்போது அமைதியாக ஓடும். வண்டியின் உடல் கனமாகவும் சில்லுகள் இலேசாகவும் இருந்தால், சில்லின் துள்ளல் உடலை எளிதில் அசைப்பதில்லை. ஆகவே, கனம் தன்னளவில் பகையன்று. அக்கனத்தைத் தாங்குவதற்கெனச் செய்யப்படும் ஏற்பாடுகளிலேயே சிக்கல் தோன்றுகிறது.

இவ்விடத்தில் வில்லின் இயல்பைச் சற்று அறிதல் வேண்டும். வண்டியின் பாரம் ஏறும்போது வில் 25 சென்றிமீற்றர் அமிழுமாயின், அவ்வண்டி நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முறை மேலும் கீழும் அசையும். 11 சென்றிமீற்றரே அமிழுமாயின், 90 முறை அசையும். இந்த 60க்கும் 90க்கும் இடைப்பட்ட அசைவை நம் உடல் இனிதாக ஏற்கும். நடந்து பழகிய உடலுக்கு அது அந்நியமானதன்று. ஆனால் நிமிடத்துக்கு 240 முதல் 480 வரையான அதிர்வு வயிற்றையும் முள்ளந்தண்டையும் நேரே தாக்கும். நோயுற்ற முதுகுக்கு அதுவே எமன். எனவே வில் மென்மையாக இருத்தல் வேண்டும். மென்மையாக இருக்க வேண்டுமாயின் அமிழ்வதற்கு இடமும் வேண்டும். மின்சாரக் காரிலோ மின்கலம் அடித்தளத்தில் பரந்து கிடக்கிறது. அது வேகத்தடையிலோ கல்லிலோ மோதுதல் கூடாது. ஆதலால் வில் அமிழ்வதற்கு விடும் இடத்தைத் தயாரிப்பாளர் தாராளமாக அளிக்க இயலாது.

வில்லுக்குத் துணையாக நிற்பது அதிர்ச்சி தாங்கி. ஆட்டிவிட்ட ஊஞ்சலைக் கையால் தடுத்து நிறுத்துவதுபோல, வில்லின் ஆட்டத்தை அது அடக்குகிறது. கனமான உடலை அடக்குவதற்கு இறுக்கமான கை வேண்டும். அவ்விறுக்கமே சிறு குழிகளின் அடியையும் உள்ளே கடத்திவிடுகிறது. விலை உயர்ந்த சில கார்களில் வில்லுக்குப் பதிலாகக் காற்றுப் பைகளும், வீதிக்கேற்ப இறுக்கத்தை மாற்றும் தாங்கிகளும் உள. அவை இதமானவை, பழுதுற்றால் செலவும் பெரிது.

அடுத்தது ரயர். காட்சிக்கு அழகென்று பெரிய சில்லும் மெல்லிய ரயரும் பூட்டுவது இக்கால வழக்கம். ரயரின் பக்கத்தில் 195/65-15 என்று எழுதியிருந்தால், அதன் அகலம் 195 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 65, அஃதாவது 127 மில்லிமீற்றர். 205/50-17 என்றிருந்தால் அவ்வுயரம் ஏறத்தாழ 102 மில்லிமீற்றர்தான். முழுச் சில்லின் உயரம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே; ஆயினும் காற்று மெத்தை இரண்டரைச் சென்றிமீற்றர் குறைந்துவிட்டது. மொறிஸ் மைனரின் ரயரில் காற்றழுத்தம் இருபத்திரண்டு இறாத்தல் அளவில் இருந்தது. இக்கால மின்சாரக் காரில் அது பெரும்பாலும் முப்பத்தைந்துக்கு மேல். அன்னையாரின் புகழ்ச்சிக்குப் பாதி விடை இதுவேயாகும். மீதி விடை, அக்காலத்தில் வண்டி மெதுவாக ஓடியது என்பதும், முதுகுக்கு வயது குறைவு என்பதும் ஆகும்.

பின்சில்லுகளைப் பிணைக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. சில கார்களில் இரு பின்சில்லுகளையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கிறது. இது மலிவானது, உறுதியானது. ஆனால் ஒரு சில்லு குழியில் விழுந்தால் மற்றதும் அதனை உணரும். வேறு சில கார்களில் ஒவ்வொரு சில்லும் பல சிறு கைகளால் தனித்தனியே தாங்கப்படுகிறது. 2010இல் சந்தைக்கு வந்த நிசான் லீஃப் முதல் வகையைச் சேர்ந்தது. பிவைடி அட்டோ 3 இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பிவைடி டொல்பின் காரில், விற்கப்படும் பதிப்பைப் பொறுத்து இருவகையும் உண்டு. ஒரே பெயருடைய காரில் இவ்வேறுபாடு இருத்தலால், வாங்குவோர் கேட்டறிதல் இன்றியமையாதது. நல்ல முறையில் அமைத்த குறுக்குச் சட்டம், தவறாக அமைத்த தனித் தாங்கலினும் மேலானது என்பதையும் மறத்தல் ஆகாது.

இன்னும் ஒன்று. மின்சாரக் காரில் விசைக் காலைத் தூக்கியதும், மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. காலி வீதியின் நெரிசலில் காலை அமர்த்தியும் தூக்கியும் ஓட்டும்போது, பின்னிருப்பவரின் தலை முன்னும் பின்னும் ஆடும், குமட்டலும் உண்டாகும். இது வில்லின் குற்றமன்று, ஓட்டுநர் திருத்தக்கூடிய குற்றம். என்ஜின் ஓசை இன்மையால், முன்னர் மறைந்திருந்த ரயரின் இரைச்சலும் தாங்கிகளின் தட்டொலியும் இப்பொழுது காதில் விழுவதும் உண்மையே.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ருவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. ஐந்தாண்டு காத்திருந்தோர் அவசரப்படுதல் இயல்பே. ஆயினும் வாங்குமுன் மூன்று காரியங்கள் செய்க. முதலாவது, வீட்டிலுள்ள முதியவரைப் பின்னிருக்கையில் அமர்த்தி, துறைமுகப் பாரவண்டிகளால் சிதைந்த வீதி ஒன்றில் மெதுவாக ஓட்டிப் பார்க்க. மரைன் டிரைவின் சமதரை எந்தக் காரையும் நல்ல காராகவே காட்டும். இரண்டாவது, அதே காரில் சிறிய சில்லு கிடைக்குமாயின் அதனைத் தெரிக. மூன்றாவது, பழைய வண்டியாயின் அதிர்ச்சி தாங்கிகளையும் இறப்பர்ப் புஷ்களையும், கடற்காற்றால் துருவேறிய வில்களையும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுக.

என் நண்பர் பின்னர் ரயர்களைச் சோதித்தார். கதவோரத் தகட்டில் குறித்த அளவினும் காற்று மிகுதியாக இருந்தது. அதனைக் குறித்த அளவுக்கே கொண்டுவந்தார். அவ்வளவினும் குறைப்பதோ, பாரம் தாங்காத மலிவான ரயர் பூட்டுவதோ உயிருக்கு ஆபத்து என்பதை அவர் அறிவார். மின் தடுப்பின் வலிமையைக் குறைத்து வைத்தார். பின்சில்லுக்கு மேலே அமர்ந்திருந்த அன்னையாரை, முன்னிருக்கைக்கு மாற்றினார். நோவு முற்றாக நீங்கியது என்று சொல்வதற்கில்லை. ஆயினும், அடுத்த வாரம் வெள்ளவத்தையில் இறங்கிய அன்னையார் மொறிஸ் மைனரைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. “ஆறுதலாக ஓடினாய், தம்பி” என்று மட்டும் சொன்னாராம்.