நோகாத பல்லுக்கு யார் வைத்தியசாலை போவார்?

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் களுதாவளை, வெற்றிலைச் செய்கைக்குப் பேர்போன ஊர். வெற்றிலை மெல்லும் வாய்க்குப் பல் வைத்தியரின் கண் அடிக்கடி தேவை. ஆனால் இலங்கையில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் பல்லுக்கொதி தாங்காத இரவுக்கு மறுநாள்தான் அவரிடம் போகிறார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. 13 வயது வரை பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதன்பின் கூப்பிட ஆளில்லை. அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லாவிட்டாலும் ஒருநாள் கூலி போய்விடும். கொதி வந்தபின் போனால் பல் அடைக்கும் கட்டத்தைத் தாண்டியிருக்கும். வேர்ச்சிகிச்சைக்குப் பலமுறை அலைய வேண்டும். பிடுங்கினால் ஒரே நாளில் வேலை முடியும்.

முரசு நோயோ நெடுங்காலம் வலியே காட்டாது. 1970இல் நோர்வே ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு, மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரைப் பரிசோதித்து, 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பல் வைத்தியரையே காணாதவர்கள் அவர்கள். சொத்தைப்பல் அவர்களிடம் மிக அரிது. 1986இல் வெளியான முடிவுப்படி, 11 சதவீதத்தினருக்கு நோய் முரசு வீக்கத்தோடு நின்றது. 81 சதவீதத்தினருக்கு மிதமாகவும் 8 சதவீதத்தினருக்கு வேகமாகவும் வளர்ந்தது. வேகமாக வளர்ந்தவர்கள் 45 வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பற்களையும் இழந்தார்கள். சிகிச்சை கிடைக்காத வாயில் நோய் எப்படி நடைபோடும் என்பதை உலகப் பாடநூல்கள் நம் தோட்டத் தொழிலாளரிடமிருந்தே அறிந்துகொண்டன. தான் எந்தப் பிரிவில் விழுவேன் என்பதை வலியை வைத்து யாரும் அறிய முடியாது.

வெற்றிலை போடுபவருக்கு ஆபத்து இன்னும் பெரிது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முழுதாகத் திறக்க முடியாமை, மூன்று வாரத்தில் ஆறாத புண் ஆகியவை முன்னறிகுறிகள். தொடக்கத்தில் இவை பெரும்பாலும் நோவதில்லை.

ஆகவே வெற்றிலை போடுபவர்கள், நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வருடத்துக்கு ஒருமுறையாவது வாயைக் காட்ட வேண்டும். பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல் பெற்றோரையும் கூப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும். அதுவும் கூலி கெடாத நாளில், ஊருக்குள்ளேயே நடக்க வேண்டும்.