காசிமேட்டு மனசைக் களவாடிய கண்டி வாலிபர்!

ராயபுரம்:
ஏப்ரல் 15 பிறந்தால் காசிமேடு அடங்கிவிடும். 61 நாள் மீன்பிடித் தடை. லாஞ்சுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். டிரைவர்களும் ஆளுங்களும் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு பொழுதை ஓட்டுவார்கள்.

ராத்திரி ஏழரை மணி அடித்தால் போதும், அத்தனை கண்ணும் கிரிக்கெட் மேலேதான். ஐ.பி.எல். நடப்பதும் இதே மாதங்களில்தானே!

அப்படி வேலை இல்லாத ஒரு தடைக்காலத்தில்தான் இந்தக் கடற்கரை ஜனங்கள் மனசைப் பறிகொடுத்தார்கள். யாரிடம் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள்.

இலங்கைக்காரரிடம்! அதுவும் சிங்கள வாலிபரிடம்!

பெயர் மதீஷா பதிரனா. சொந்த ஊர் கண்டி. படித்தது அங்குள்ள டிரினிட்டி கல்லூரி. அந்தக் கல்லூரி ரக்பி ஆட்டத்துக்குப் பேர் போனது. அங்கிருந்து வந்த இவர் கையைப் பக்கவாட்டில் தாழ்த்தி, கவண்கல் மாதிரி பந்தைச் சுழற்றி விடுவார். அது பேட்ஸ்மேன் காலடியில் போய்க் குத்தும். அச்சு அசல் மலிங்கா! "குட்டி மலிங்கா" என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

அன்று நுழையவே தடை

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? 2013-ஐ நினைத்துப் பாருங்கள்.

அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். ஈழத் தமிழர் பிரச்சினைக்காக மாணவர்கள் தெருவில் இறங்கிய நேரம். இலங்கை வீரர்கள் ஆடினால் சென்னையில் ஆட்டமே நடக்க விடமாட்டோம் என்று முதல்-அமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இலங்கைக்காரர் யாரும் சேப்பாக்கத்தில் ஆடக்கூடாது என்று ஐ.பி.எல். நிர்வாகமும் முடிவு செய்தது. சென்னையில் நடக்க இருந்த இரண்டு பிளே-ஆப் ஆட்டங்களும் டெல்லிக்குப் போய்விட்டன.

இதில் முத்தையா முரளிதரனும் மாட்டிக்கொண்டதுதான் வேடிக்கை. அவர் தமிழர். சென்னை மாப்பிள்ளை. 2008 முதல் 2010 வரை சென்னை அணிக்கே ஆடியவர். 2013-ல் பெங்களூர் அணியில் இருந்தார். அவருக்கும் சேப்பாக்கம் கதவு சாத்தப்பட்டது!

2022 பிப்ரவரியில் மகேஷ் தீக்சனாவைச் சென்னை அணி ஏலம் எடுத்தபோதும் "சி.எஸ்.கே.வைப் புறக்கணிப்போம்" என்று சமூக வலைத்தளங்களில் ஒரே சத்தம்.

ஒரே வாரத்தில் இரண்டு பயணம்

அதே ஆண்டு மே 15. காயம்பட்ட ஆடம் மில்னேவுக்குப் பதிலாக வந்த பதிரனா, மும்பையில் குஜராத்துக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடினார். முதல் பந்திலேயே சுப்மன் கில் அவுட்!

மூன்றே நாள் கழித்து, மே 18. நம்ம சென்னைத் துறைமுகத்தில் இருந்து ஒரு கப்பல் கொழும்புக்குக் கிளம்பியது. பஞ்சத்தில் தவித்த இலங்கைக்குத் தமிழக அரசு அனுப்பிய 9 ஆயிரம் டன் அரிசி, பால் பவுடர், மருந்து எல்லாம் அதில் இருந்தன. முதல்-அமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்தார். அங்கிருந்து ஒரு பையன், இங்கிருந்து அரிசி!

கொடி கட்டிப் பறந்த 2023

மே 6. சேப்பாக்கத்தில் மும்பையோடு மோதல். பதிரனா 4 ஓவரில் 15 ரன் மட்டும் கொடுத்து 3 விக்கெட் சாய்த்தார். ஆட்டநாயகனும் அவரே. பத்து வருஷத்துக்கு முன்பு இலங்கைக்காரர் கால் வைக்கக் கூடாது என்ற அதே மைதானத்தில் விசில் சத்தம் காதைப் பிளந்தது.

அடுத்து மே 23, குஜராத்துடன். பதிரனா சில நிமிடம் வெளியே போய்விட்டு வந்தார். வெளியே இருந்த நேரத்துக்கு ஈடாக உள்ளே நின்றால்தான் பந்து வீசலாம் என்றார் நடுவர். தோனி என்ன செய்தார்? நடுவர்களைப் பேச்சில் இழுத்துக்கொண்டே நின்றார். சுமார் 4 நிமிடம் கரைந்தது. பையன் பந்தை வாங்கிக்கொண்டான்!

லாஞ்சு டிரைவரான எங்கள் சித்தப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இலங்கைக் கடற்படை ராமேசுவரம், நாகைப் படகுகளைப் பிடிக்கும் செய்தி வந்தால் முதல் ஆளாகக் கொதிப்பவரும் அவர்தான். "அது எப்படி சித்தப்பா?" என்று மடக்கினேன்.

"டேய், படகைப் புடிக்கிறது நேவிக்காரன். இந்தப் புள்ள இன்னா பண்ணான்? நமக்காகத்தானே பந்து போடுறான்!"

எனக்கு அது முழுப் பதிலாகத் தெரியவில்லை. ஆனாலும் திருப்பிச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அந்த ஆண்டு 12 ஆட்டத்தில் 19 விக்கெட் எடுத்தார். கோப்பையும் சென்னைக்கே வந்தது. பதிரனாவின் குடும்பத்தார் தோனியை நேரில் பார்த்துப் பேசிய படம் செல்போன் செல்போனாகச் சுற்றியது.

18 கோடி!

2025 சீசனுக்காக 13 கோடி ரூபாய்க்கு அணியில் தக்க வைத்தார்கள். பந்து சொன்ன பேச்சு கேட்கவில்லை. ரன்கள் கசிந்தன. சென்னை அணி கழற்றிவிட்டது. டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா 18 கோடி கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனது.

சேதி வந்த ராத்திரி சித்தப்பா டி.வி.யை அணைத்துவிட்டுக் கடலுக்குக் கிளம்பிவிட்டார்.

திருவொற்றியூர் கடற்கரையில் ரப்பர் பந்து ஆடும் பொடிசுகளைப் போய்ப் பாருங்கள். பத்துப் பேரில் மூன்று பேர் இன்னும் கையைத் தாழ்த்திச் சுழற்றித்தான் போடுகிறார்கள். பந்து ஸ்டம்ப் பக்கமே போவதில்லை. அலையில் விழுகிறது. ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடியும் அப்படியே போடுகிறார்கள்.