கட்டக்கோரையும் கல்லீரலும்

கடல்பாசியைப் பார்த்த ஓர் அறுவை மருத்துவருக்குக் கல்லீரல் நினைவுக்கு வந்தது. அவர் ஜோசப் வகான்டி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று அறுவை செய்தவர். தானமாக வரும் கல்லீரல் போதாமல், காத்திருந்தே குழந்தைகள் சாவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர். செல்களை ஆய்வகத்தில் வளர்த்து உறுப்பாக்க முடியாதா என்று முயன்றார். மெல்லிய தகடாக வளர்த்தால் செல்கள் பிழைத்தன. கொஞ்சம் தடிமனானால் உள்ளே இருப்பவை செத்தன. பிராண வாயு ரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தூரத்துக்குத்தான் கசிந்து போகும். அதைத் தாண்டி உட்கார்ந்திருக்கும் செல்லுக்கு மூச்சு கிடையாது.

1986 கோடை விடுமுறையில் கேப் காட் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது, தண்ணீருக்குள் பாசி ஆடுவதைக் கவனித்தார். ஒரு தண்டு, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து இன்னும் சிறு கிளை. சின்ன இடத்துக்குள் இவ்வளவு பரப்பு. ஒவ்வொரு நுனியையும் தண்ணீர் தொட்டுக்கொண்டு போகிறது. உடனே நண்பர் ராபர்ட் லாங்கருக்குப் போன் போட்டார். லாங்கர் டாக்டர் அல்ல, எம்.ஐ.டி.யில் படித்த வேதிப் பொறியாளர். உடலுக்குள் மெல்லக் கரைந்துவிடும் பிளாஸ்டிக்கில் இப்படிக் கிளை கிளையாக ஒரு சாரம் கட்டித் தர முடியுமா, அதில் செல்களை ஏற்றிவிடலாமா என்பதுதான் கேள்வி. இருவரும் சேர்ந்து 1993-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, திசுப் பொறியியல் என்ற துறைக்கு ஊரறிந்த பெயரைக் கொடுத்தது.

கேப் காட் பாசியை ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள் பெரிதாக வியக்க மாட்டார்கள். மண்டபம் தொடங்கி தனுஷ்கோடி வரை அது அன்றாடப் பிழைப்பு. பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்ப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பை கட்டி, மூச்சைப் பிடித்து மூழ்குகிறார்கள். பாறையில் ஒட்டியிருப்பதைக் கையாலேயே பிய்க்க வேண்டும். துணி சுற்றியும் விரல் கிழியும். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வைத்த பெயர், எந்தத் தாவரவியல் அகராதியையும்விடத் தெளிவானது. 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்த காப்பாபைகஸ் இன்றும் 'பெப்சி பாசி'தான். குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் படர்ந்தது என்ற கெட்ட பெயரும் அதற்கு உண்டு.

மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகர் ஆகின்றன. கட்டக்கோரை ஆல்ஜினேட் ஆகிறது. ஐஸ்கிரீம், துணிச் சாயம், உரம் என்று போகிற சரக்கு இது. ஆனால் இதே ஆல்ஜினேட்தான் திசுப் பொறியியல் ஆய்வகங்களில் அன்றாடம் புழங்கும் பொருள். சோடியம் ஆல்ஜினேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கால்சியம் குளோரைடு நீரில் விட்டுப் பாருங்கள். விழுந்த கணமே ஒவ்வொரு சொட்டும் வெந்த ஜவ்வரிசி போல உருண்டுவிடும். பள்ளி ஆய்வகத்திலேயே செய்துவிடலாம். சூடு வேண்டாம், விஷ ரசாயனம் வேண்டாம். அதனால் உயிருள்ள செல்லை அந்த உருண்டைக்குள் வைத்தாலும் அது சாகாது. 1980-லேயே லிம், சன் என்ற இரு ஆய்வாளர்கள் இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களை இப்படி ஆல்ஜினேட்டுக்குள் பொதிந்து, சர்க்கரை நோயுள்ள எலிகளுக்கு வைத்துப் பார்த்தார்கள். இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செல் கலந்து பிழியும் 'உயிர் மை'யிலும் பெரும்பாலும் ஆல்ஜினேட் இருக்கிறது.

இதைச் சொன்னதும், நம்ம கடல்ல கிடைக்கிறதாச்சே, அப்ப நாமே செய்யலாமே என்று தோன்றும். அவ்வளவு சுலபமில்லை. ஐஸ்கிரீமுக்குப் போகும் ஆல்ஜினேட்டை அப்படியே உடலுக்குள் வைக்க முடியாது. பாக்டீரியாக்களின் சுவரிலிருந்து ஒட்டிக்கொண்ட நச்சு, கடலிலிருந்து வந்த உலோகம், மிச்சப் புரதம் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். போதாக்குறைக்கு, செல்கள் ஆல்ஜினேட்டில் ஒட்டவும் ஒட்டாது. ஒட்டவைக்கப் புரதத் துணுக்குகளை அதன் மேல் கோக்க வேண்டும். பாசியைக் காயவைத்து மூட்டை கட்டி விற்பதற்கும், அதே பாசியை மருத்துவத் தரத்தில் தூளாக்கி விற்பதற்கும் நடுவே இருப்பது பொறியியல். மண்டபத்தில் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது. வலமாவூரில் 127 கோடி ரூபாய்த் திட்டமாகக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே உரத்துக்கும் உணவுக்கும் கிடைக்கும் இடத்தில் ஒரு மூலையாவது மருத்துவத் தரத்துக்கு ஒதுக்கப்பட்டால் நல்லது என்பது என் ஆசை.

பொறியாளர் மருத்துவமனைக்குள் போன கதையும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. ராமேஸ்வரத்தில் பிறந்து, ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்து, சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்த அப்துல் கலாமை நாம் ஏவுகணையோடு சேர்த்தே நினைக்கிறோம். ஹைதராபாத் ஆய்வகத்தில் அவர் இருந்த காலத்தில், நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் வந்து, ஏவுகணைக்கான லேசான பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு கலாமைத் தன் வார்டுக்கு அழைத்துப் போனார். போலியோ பாதித்த பிள்ளைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலிப்பரைக் காலில் மாட்டி இழுத்துக்கொண்டு நடந்தார்கள். மூன்று வாரத்தில் 300 கிராம் எடையில் மாற்றுக் காலிப்பர் தயாரானது. பெற்றோர் கண்ணில் நீர் வந்ததைக் கலாம் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். இதயநோய் மருத்துவர் சோமராஜுவுடன் சேர்ந்து 1998-ல் குறைந்த விலை ஸ்டென்ட்டும் செய்தார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் கலாம்கூட இல்லை. ஏவுகணை ஆய்வகத்துக்குள் நுழைந்து பொருளைத் தூக்கிப் பார்த்த அந்த டாக்டர்தான். தன் நோயாளியின் கால் எடையை மனதில் வைத்துக்கொண்டு அவர் அங்கே போயிருக்காவிட்டால், அந்தப் பொருள் ஏவுகணையோடு போயிருக்கும்.

மருத்துவரே பொறியியலைக் கையில் எடுத்த இந்திய உதாரணம் எம்.எஸ். வலியத்தான். இதய அறுவை மருத்துவர், சென்னை ஐ.ஐ.டி.யிலும் கொஞ்ச காலம் பணிபுரிந்துவிட்டுத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தைக் கட்டி எழுப்பினார். வெளிநாட்டு இதய வால்வு ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்த காலம். மருத்துவமனை ஒரு வளாகம், பொறியாளர்கள் வேலை செய்யும் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு பூஜப்புரையில் இன்னொரு வளாகம். இரண்டும் ஒரே நிறுவனம். அந்த ஏற்பாடுதான் வால்வைப் பிறப்பித்தது. சும்மா பிறக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மாதிரிகள் தோற்றன. கடைசியில் கோபால்ட், குரோமியம் கலந்த உலோகச் சட்டமும் மிக உயர் மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன் வட்டும் நின்றன. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்க, இதுவரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சில் அந்த வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

ஒரே ஆள் பொறியியல், மருத்துவம், ஆராய்ச்சி மூன்றையும் படித்த உதாரணம் வேண்டும் என்றால் கேட்டோ லாரன்சினைச் சொல்ல வேண்டும். பிலடெல்பியாவில் வளர்ந்தவர். அம்மா வீட்டிலேயே கிளினிக் நடத்திய டாக்டர், அப்பா தச்சர். பிரின்ஸ்டனில் வேதிப் பொறியியல் முடித்துவிட்டு, ஹார்வர்டில் மருத்துவமும், எம்.ஐ.டி.யில் அதே லாங்கரிடம் முனைவர் பட்டமும் ஒருசேரப் படித்து 1987-ல் இரண்டையும் வாங்கினார். பிறகு எலும்பு அறுவை மருத்துவர் ஆனார். முழங்காலில் அறுந்துபோகும் தசைநாருக்கு, கரையும் பாலிமர் நூலைப் பின்னி ஒரு சாரம் செய்தார். செல்கள் அதில் வளர வளர நூல் கரைந்துவிடும். கபடி ஆடி முழங்கால் விட்டுப்போன பையன்களைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இந்த லாரன்சினோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய சுவாமிநாதன் சேதுராமன், தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் நானோ தொழில்நுட்பமும் உயிர்ப்பொருளும் சார்ந்த மையத்தை நடத்துகிறார். ராமநாதபுரத்திலிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போய்விடலாம்.

இந்தத் துறையில் ஆளைக் கொன்ற கதையும் இருக்கிறது. பாவ்லோ மக்கியாரினி, பேர்பெற்ற அறுவை மருத்துவர். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் 2011-ல் பிளாஸ்டிக் மூச்சுக்குழாயை ஸ்டெம் செல்லில் நனைத்து நோயாளிக்குப் பொருத்தினார். உலகமே புகழ்ந்தது. அங்கே அவர் பொருத்திய மூவரும் பின்னர் இறந்தார்கள். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது. வால்வுக்கு வலியத்தான் குழு செம்மறி ஆடுகளில் சோதித்துத் தோற்று, தோற்று, மறுபடி செய்தது. மக்கியாரினி அந்தப் படியைத் தாண்டிக் குதித்தார். கத்தி பிடிக்கும் கை நன்றாக இருப்பதற்கும், பொருள் உடலுக்குள் பத்து வருஷம் என்ன செய்யும் என்று தெரிந்திருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருவோம். மருத்துவமும் பொறியியலும் சேரும் இந்தப் பாதை நம் ஊரில் அறுபடும் இடம் கல்லூரி அல்ல. பிளஸ் ஒன் சேர்க்கை அன்றைக்கு, விண்ணப்பத்தில் குரூப் எழுதும் கட்டத்தில்தான். 'மார்க் இருக்கு, கம்ப்யூட்டர் குரூப் எடு, இன்ஜினீயரிங் போகலாம்' என்று ஒரு மாமா சொல்வார். 'நீட் எழுதப் போற பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு' என்று ஓர் ஆசிரியர் சொல்வார். கணக்கும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்பை எடுத்தால் இரண்டு கதவும் திறந்தே இருக்கும். சுமை அதிகம், மறுக்கவில்லை. ஆனாலும் எந்தப் பக்கம் போவது என்று பதினைந்து வயதில் தெரியாத பிள்ளைக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு வழி ஒன்றல்ல. சென்னை ஐ.ஐ.டி. 2023-ல் மருத்துவ அறிவியல், தொழில்நுட்பத் துறையைத் தொடங்கி, மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நான்காண்டு இளநிலைப் படிப்பைக் கொண்டுவந்தது. ஐசர் நுழைவுத் தேர்வு வழியாகச் சேரலாம். இதைப் படித்தால் டாக்டர் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறுவை செய்ய எம்.பி.பி.எஸ். வேண்டும். பொறியியல் முடித்தவர்களுக்குச் சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., ஸ்ரீ சித்திரை மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினீயரிங் எம்.டெக். இருக்கிறது. மருத்துவமனைக்குள்ளேயே கொஞ்ச காலம் இருக்க வைப்பார்கள் என்பது அதன் பெரிய பலம்.

முழுப் பாதையையும் நடக்க நினைப்பவர்கள் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.எஸ். மூன்று, எம்.சிஎச். மூன்று. எந்த இடத்திலும் தடுக்காமல் போனாலே முப்பது ஆகிவிடும். அதன் மேல் முனைவர் பட்டம் நான்கைந்து வருஷம். முதலில் நான்கு வருஷம் பொறியியல் படித்துவிட்டு வந்திருந்தால் நாற்பதை நெருங்கிவிடுவீர்கள். வீட்டில் படகுக் கடன் இருக்கிற பிள்ளைக்கு, இல்லாவிட்டாலும் தங்கை கல்யாணத்துக்குப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளைக்கு, இது சின்ன விஷயமில்லை. லாரன்சினைப் போல ஒருசேரப் படிக்கும் ஏற்பாடு நம் நாட்டில் அரிது. அதனால் மூன்று பட்டத்தையும் ஒருவரே வாங்க வேண்டும் என்று நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். வகான்டியும் லாங்கரும் அப்படி வாங்கியவர்கள் அல்ல. ஒருவருக்கு மற்றவர் போன் போடும் பழக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியும் அதே ஊரில் இருக்கிறது. பொறியியல் கடைசி வருஷ மாணவர்கள் புராஜெக்ட் தலைப்பை இணையத்தில் தேடி எடுப்பதற்குப் பதில், மருத்துவக் கல்லூரியின் புண் கட்டும் அறையில் ஒரு வாரம் உட்காரட்டும். சர்க்கரை நோயில் ஆறாத கால் புண், நீர் வடிந்துகொண்டே இருக்கும் புண், எத்தனை தடவை கட்டு மாற்றுகிறார்கள், துணி புண்ணில் ஒட்டிக்கொண்டு பிய்க்கும்போது என்ன ஆகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். நீர் வடியும் புண்ணுக்கு ஆல்ஜினேட் கட்டுத்துணி ஏற்கெனவே மருத்துவத்தில் இருக்கும் பொருள்தான். அதன் மூலப்பொருள் மண்டபத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. இதற்கு அரசாணை எதுவும் வேண்டாம். இரண்டு கல்லூரி முதல்வர்களும் ஒருவருக்கொருவர் ஒரு கடிதம் எழுதிக்கொண்டால் இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.