களிமண் சிலை காயாமல் காப்பது எப்படி?

பொன்முடியில் மூடுபனி இறங்கியிருக்கும் நேரம் களிமண் வேலைக்கு வாய்த்த நேரம். திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த மலை. பனி சூழ்ந்த காற்றில் நீர் நிறைந்திருப்பதால், மண்ணில் உள்ள ஈரத்தை அது எடுத்துக்கொள்வதில்லை. காலையில் பிடித்த முகம் மாலையிலும் விரலுக்கு இளகிக் கொடுக்கும். அதே மண்ணைச் சித்திரை மாதத்தில் சென்னையின் மாடியறை ஒன்றில் வைத்துப் பாருங்கள். மதியச் சாப்பாடு முடித்து வருவதற்குள் காதுமடல் வெளிறியிருக்கும். மலையிலும் எப்போதும் பனி இருக்காது. பனி விலகிக் காற்று வீசத் தொடங்கினால், குளிர்தானே என்று நம்பித் திறந்து வைத்த சிலை ஒரே பகலில் வெடித்துவிடும். வெயிலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள்.

களிமண் மிக நுண்ணிய தகடு போன்ற துகள்களால் ஆனது. அந்தத் தகடுகளுக்கு நடுவே நீர் இருப்பதால்தான் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, நாம் சொன்னபடி வளைகின்றன. நீர் போகப் போகத் தகடுகள் நெருங்குகின்றன, மண் சுருங்குகிறது. பெரும்பாலான களிமண் காயும்போது நீளத்தில் 5 முதல் 10 விழுக்காடு வரை குறையும். எல்லா இடமும் சேர்ந்தாற்போல் சுருங்கினால் சிலை கொஞ்சம் சிறிதாகும், அவ்வளவுதான். ஆனால் மூக்கு நுனியும் விரல்களும் முதலில் காய்கின்றன, நெஞ்சும் அடிப்பீடமும் கடைசியில். சுருங்கிய பகுதி சுருங்காத பகுதியை இழுக்கிறது. கழுத்திலும் மணிக்கட்டிலும் காதின் அடியிலும் விரிசல் விழுவதற்கு இதுதான் காரணம். உள்ளே கம்பிக்கூடு இருந்தால் இன்னும் மோசம், கம்பி சுருங்குவதே இல்லை.

ஆகவே சிலையைச் சொட்டச் சொட்ட நனைத்து வைப்பது தீர்வாகாது. எங்கு தொட்டாலும் ஈரம் ஒரே சீராக இருக்க வேண்டும். நீர் கூடினால் மண் தொய்ந்து கம்பியை விட்டு வழுக்கி இறங்கும். நேற்று செதுக்கிய கண்ணிமை மழுங்கிப்போகும்.

இந்தக் கவலை எல்லாச் சிற்பிகளுக்கும் இல்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் உருவத்தை மெழுகில் பிடிக்கிறார்கள். மெழுகு காயாது. கவின்கலைக் கல்லூரிகளில் கற்றுத்தரும் முறையில் உருவத்தைக் களிமண்ணில் முடித்து, பிளாஸ்டர் அச்சு எடுத்து, பிறகு வேறு பொருளில் வார்ப்பார்கள். அச்சு எடுக்கும் நாள்வரை, மாதக்கணக்கானாலும், மண் ஈரமாகவே இருந்தாக வேண்டும். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் ஊரில் இல்லாத நாட்களில் அவருடைய களிமண் உருவங்களுக்கு ஈரத்துணி மாற்றிக் காத்தவர் அவருடைய துணைவி ரோஸ் பூரே. சிற்ப வரலாற்றில் அந்த வேலைக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அன்றைய வேலை முடிந்ததும் முதலில் ஸ்ப்ரே பாட்டிலால் இரண்டு மூன்றடி தள்ளி நின்று பனி போலத் தூவுங்கள். மேற்பரப்பு மினுங்க வேண்டும், வழியக் கூடாது. காது, மூக்கு, விரல் போன்ற மெல்லிய பகுதிகளுக்குப் பழைய வேட்டித் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, நனைத்து, இறுகப் பிழிந்து, அழுத்தாமல் சுற்றுங்கள். பருத்த பகுதிகளுக்கு ஒரு சுற்றுத் துணி போதும். முடித்துவிட்ட நுண்வேலை மேல் துணி பட வேண்டாம். சிலையைச் சுற்றி நாலு குச்சிகளை நட்டு, அவற்றின்மேல் பாலித்தீன் உறையைக் கூடாரமாகக் கவிழ்த்து, அடியில் கயிற்றால் கட்டிவிடுங்கள். பலர் சோம்பல்படுவது இந்தக் கடைசிக் கட்டில்தான். அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும் இரவெல்லாம் காற்று புகுந்து போகும்.

நீண்ட நாள் போட்டுவைக்கும் சிறு உருவங்களுக்கு ஈரப்பெட்டி உதவும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் ஓரங்குலக் கனத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி இறுகவிடுங்கள். அதன்மேல் நீர் விட்டால் பிளாஸ்டர் குடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பெட்டிக்குள் விடும். வாரக்கணக்கில் மண் பதம் மாறாது. ஓடாத பழைய குளிர்பதனப் பெட்டியும் இதற்கு நல்ல அலமாரி. பொன்முடி போன்ற இடத்தில் மழைமாதங்களில் தொல்லை நேரெதிரானது: துணியில் பூஞ்சணம் பூக்கும், நாற்றம் எடுக்கும், உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருவேறும். துணியை அடிக்கடி மாற்றி அலசுங்கள். தூவும் நீரில் கொஞ்சம் வினிகர் சேர்த்தால் பூஞ்சணம் மட்டுப்படும்.

சூளைக்குப் போகும் சிலையின் கதை வேறு. அது காய வேண்டும், ஆனால் பகுதி பகுதியாக. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனாருக்குப் புரவி செய்யும் வேளார்கள் இதில் தேர்ந்தவர்கள். மணலும் உமியும் கலந்த மண்ணில் முதலில் கால்களை எழுப்பி, மேலே வரும் பாரத்தைத் தாங்குமளவு அவை இறுகும்வரை பொறுத்திருந்து பிறகு உடலை ஏற்றுகிறார்கள். கீழே இறுகியிருக்கும்போதே மேல்விளிம்பு இளகியிருக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த மண் ஒட்டும். வீட்டில் செய்பவர்களும் இப்படிச் செய்யலாம்: அடிப்பகுதியைத் திறந்து விட்டு, நாளை ஒட்டப்போகும் விளிம்புக்கு மட்டும் ஈரத்துணி போடுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில சமயம் காய்ந்துவிடும். நகம் வைத்தால் கீறல் விழும் பதத்தில் இருந்தால் காப்பாற்றலாம். ஊசியால் சிறு துளைகள் இட்டு, ஈரத்துணி சுற்றி, மேலே பாலித்தீன் போட்டு ஓரிரு நாள் விடுங்கள். நீரை ஊற்றினால் தோல் மட்டும் சேறாகி உள்ளே கல்லாகவே இருக்கும். நிறம் வெளுத்து முழுக்கக் காய்ந்த சிலையை மறுபடி இளக்க முடியாது. அதை உடைத்துப் பொடித்து நீரில் ஊறப்போடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த மண்ணைவிட எலும்பாகக் காய்ந்த மண் வேகமாகக் கரையும். அதனால் பாதி காய்ந்த துண்டுகளையும் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே நீரில் போட வேண்டும்.