ஆமை புகுந்த வீடு

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. ஐம்புலன் அடக்கத்திற்கு ஆமையையே உவமையாகக் கூறினார் திருவள்ளுவர். புலவரால் இங்ஙனம் போற்றப்பெற்ற உயிரைப் பொதுமக்கள் தீக்குறியாகக் கருதுவது வியப்பே. அப்பழமொழியின் உண்மைப் பொருள் யாதென்பதை, இளமையில் எம் மனையில் நிகழ்ந்த ஒன்றால் யான் உணர்ந்தேன். அதனை முன்னர்க் கூறி, ஆமை வளர்க்க விழைவோர் அறிய வேண்டுவனவற்றைப் பின்னர் விளக்குவல்.

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபொழுது, மாமா ஒருவர் ஊர்ப்புறத்து முட்புதர்க் காட்டிற் கண்டெடுத்த ஆமை ஒன்றைக் கொணர்ந்தளித்தார். அதன் கரிய ஓட்டின்மீது மஞ்சள் நிறக் கோடுகள் விண்மீனின் கதிர்களைப்போல் விரிந்திருந்தன. அதனை ஒரு மரப்பெட்டியில் இட்டுக் கட்டிலின்கீழ் வைத்தேன்; சோறும் பாலும் அளித்தேன்; காக்கை கொத்துமென அஞ்சி வெயிலில் விடாது காத்தேன். சில திங்களில் அதன் ஓடு விரலால் அழுத்தினாற் குழையுமளவு மென்மையாயிற்று. பின்னர் அஃது உணவை வெறுத்தது. ஒருநாட் காலையில் அசைவற்றுக் கிடந்தது. அழுதுகொண்டிருந்த என்னைப் பாட்டி, "போகட்டும் அப்பா, ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று கூறித் தேற்றினார். ஆனால் எம் வீடு கெடவில்லை, கெட்டது ஆமையே. அஃது இறந்த காரணத்தைப் பல ஆண்டு கழித்து நூல்களிற் கண்டபொழுது, அன்பென்று எண்ணி யான் செய்தன யாவும் தீங்காய் முடிந்தமை அறிந்து நாணினேன்.

ஆமையைப் பேண விரும்புவோர் முதற்கண் அதன் உடலமைப்பை அறிதல் வேண்டும். ஓடு என்பது ஆமை அணிந்திருக்கும் சட்டையன்று, அதன் உடலேயாம். முதுகெலும்பும் விலாவெலும்புகளும் ஓட்டோடு ஒன்றாய் இணைந்துள்ளன. ஓட்டிற்கு உணர்ச்சியும் உண்டு. ஆதலின் ஓட்டைத் துளைத்துக் கயிறு கட்டுதல் நம் விலாவெலும்பைத் துளைத்தல் போல்வதே. இனி, ஆமை நம்மைப்போல் உடற்சூட்டைத் தானே ஆக்கிக்கொள்ள வல்லதன்று. வெயிலிற் காய்ந்து சூடு பெறும். நிழலில் ஒதுங்கித் தணியும். சூடு குறையின் உண்டதும் செரியாது. மேலும், ஞாயிற்றின் புறவூதாக் கதிர்கள் அதன் தோலிற் படுதலால் 'டி' என்னும் உயிர்ச்சத்து உண்டாகிறது. அச்சத்தின்றேல் உணவிலுள்ள சுண்ணச்சத்து எலும்பிற் சேராது; எலும்பு மெலிய, ஓடும் மெலியும். கட்டிலின்கீழ்க் கிடந்த என் ஆமைக்கு நேர்ந்தது இதுவே.

இனி, ஆமை புகுந்து நெடுங்காலம் வாழ்ந்த வீடும் உண்டு. ஆங்கில நாட்டிற் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் வைட் என்னும் குருவானவர், 1789ஆம் ஆண்டில் அவ்வூரின் இயற்கை வரலாற்றை வெளியிட்டுப் புகழ்பெற்றவர். அவருடைய அத்தையார் ரிங்மர் என்னும் ஊரில் ஓர் ஆமையைப் பல்லாண்டு வளர்த்து 1780ஆம் ஆண்டிற் காலமானார். வைட் அவ்வாமையை மண்ணினின்று அகழ்ந்தெடுத்து, ஏறத்தாழ 80 மைல் வண்டியிற் கொணர்ந்து தம் தோட்டத்தில் விட்டார். அது மழைக்கு அஞ்சி ஒதுங்குவதையும், குளிர்காலத்திற்கு முன் மண்ணிற் புதைவதையும், இளவேனிலில் வெளிப்படுவதையும் நாள்தோறும் நோக்கிக் குறித்து வைத்தார். திமோத்தி என்னும் ஆண்பெயர் பெற்ற அவ்வாமை பெண்ணென்பது அஃது இறந்த பின்னரே தெரியவந்தது. 1793ஆம் ஆண்டில் வைட் மறைந்தார். ஆமை அவருக்குப் பின்னும் சிறிது காலம் உயிர்வாழ்ந்தது. அதன் ஓடு இலண்டன் இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிச் சாலையில் உள்ளது.

திமோத்தியைப் போன்ற மத்தியதரைக் கடல் நாட்டு ஆமைகள் பின்னாளில் ஆங்கில நாட்டிற்குக் கப்பல் கப்பலாக இறக்குமதியாயின. வளர்க்கும் முறை அறியாதார் மனைகளில் அவற்றுட் பல விரைவில் மாண்டன. 1984ஆம் ஆண்டில் அவ்வாணிகம் தடுக்கப்பட்டது. ஆதலின் இன்று அங்கு ஆமை வாங்குவோர், காட்டிற் பிடிபடாது மனையிற் பிறந்த குட்டியைச் சான்றிதழுடன் பெறுகின்றனர். கண் தெளிந்தும், மூக்கில் நீர் வடியாமலும், தரையினின்று உடலை உயர்த்தி நடப்பதாயும் உள்ள குட்டியே நலமுடையது.

அதற்கு வெயிலும் நிழலும் உலர்ந்த கூடும் உடைய வேலியிட்ட தோட்டமே சிறந்த இருப்பிடம். குளிர்ந்த நாளில் வீட்டினுள் வைப்பின், கூட்டின் ஒரு புறத்தே விளக்கால் 32 முதல் 35 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் அமைத்து, மறுபுறத்தைத் தண்ணிதாக விடல் வேண்டும். புறவூதாக் கதிர் தரும் தனி விளக்கும் இன்றியமையாதது. சன்னற் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். உணவு, புல்லும் பூண்டும் அகன்ற இலைகளுமே. சோறு, ரொட்டி, பால், இறைச்சி ஆகா. சுண்ணச்சத்திற்குக் கணவாய் ஓடு இடலாம். ஆழமற்ற தட்டில் நீர் என்றும் இருத்தல் வேண்டும். குளிர்காலத்தில் உறங்கும் இனமாயின், உறக்கத்திற்குச் சில வாரம் முன்னரே உணவை நிறுத்தி, எடையை நிறுத்துக் குறித்து, 5 டிகிரி அளவான குளிரில் வைப்பர். நோயுற்றதனை உறங்க விடலாகாது. ஆமையைத் தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுதலும் வேண்டும். அதன் உடலில் நோய்க்கிருமிகள் இருத்தல் கூடும்.

இவையெல்லாம் சில நாட் பணியல்ல. ஆமை 50 ஆண்டிற்கு மேலும் வாழவல்லது. ஆதலின் அதனை வாங்கும் இளைஞர், "எனக்குப்பின் இதனைக் காப்பார் யார்?" என்று முதலிலேயே எண்ணுதல் தகும்.

நம் நாட்டு நிலைமை வேறு. யான் வளர்த்த நட்சத்திர ஆமை தமிழகத்திலும் இலங்கையிலும் வறண்ட புதர்க்காடுகளில் வாழ்வது. அதனைப் பிடித்தலும் விற்றலும் மனையில் வைத்தலும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளன. அதன் அழகே அதற்குப் பகையாயிற்று; வளர்ப்பு ஆசைக்காகவே ஆயிரக்கணக்கில் கடத்தப்படுகிறது. எனவே 2019ஆம் ஆண்டில் அனைத்துலக ஒப்பந்தத்தின் முதற் பட்டியலில் அது சேர்க்கப்பட்டு, நாடுகளுக்கிடையே அதன் வாணிகம் தடுக்கப்பட்டது. வழியில் அதனைக் கண்டால் எடாது விடுக. யாரேனும் மனையில் வைத்திருப்பின் வனத்துறையாரிடம் ஒப்புவிக்கச் சொல்லுக. தாமே எங்கேனும் கொண்டுபோய் விடுதலும் தவறு, நோய் பரவும்.

பழமொழியை இனி யான் வேறு வகையாகவே ஓதுவேன். அறியாதார் வீட்டிற் புகுந்த ஆமை உருப்படாது. சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, அம்முட்புதர்களிடையே மழைத்துளி உலராத புல்லை மேய்ந்துகொண்டிருந்த நட்சத்திர ஆமை ஒன்றைக் கண்டேன். என் தம்பி குனிந்து கையை நீட்டினான். "வேண்டாம் தம்பி, அது தன் வீட்டிலேதான் இருக்கிறது" என்றேன். அவன் கையை மடக்கிக்கொண்டான். அது புதருள் மறையுந்துணையும் இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.