விரல்நுனியில் மெய்ப்பாடு

ஒரே வகுப்பில் பயிலும் மாணவர் இருவரிடம் ஒரே வகைத் திறன்பேசி இருக்கிறது. ஒருவர் பள்ளி விழா முடிந்த அன்றே ஒளிப்படங்களைப் பதிவேற்றி, நண்பர்களின் கருத்துகளுக்கு உடனுக்குடன் மறுமொழி அளிக்கிறார். மற்றவர் எல்லாப் பதிவுகளையும் பார்க்கிறார், எதுவும் எழுதுவதில்லை. கருவி ஒன்றாக இருந்தும் பயன்பாடு வேறுபடுவது ஏன்? அதற்கான விடையைக் கையாளும் மனிதரின் ஆளுமையிலும் உணர்ச்சியிலும் தேட வேண்டும்.

ஆளுமையும் ஊடகமும்

சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் கார்ல் யுங், 1921இல் வெளியிட்ட நூலில் மனிதரைப் புறமுகர், அகமுகர் என வகைப்படுத்தி விளக்கினார். புறமுகர் பிறரோடு பழகுவதில் ஊக்கம் பெறுவர். அகமுகர் தம் எண்ண உலகில் நிறைவு காண்பர். பெரும்பாலோர் இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்டவரே. நண்பர் பலரை உடையவர்க்குச் சமூக ஊடகம் அவ்வட்டத்தை மேலும் விரிக்கிறது. நேரில் பேசத் தயங்குவோர் சிலர்க்கு, எண்ணி எழுதவும் எழுதியதைத் திருத்தவும் அஃது இடமளிக்கிறது. எளிதில் கவலைகொள்ளும் இயல்பினரோ, தம் பதிவிற்கு எத்தனை விருப்பக்குறிகள் கிடைத்தன என்று மீண்டும் மீண்டும் பார்க்கின்றனர்.

முகநூலில் 2009இல் அறிமுகமான அக்குறி, பாராட்டை எண்ணிக்கையாக மாற்றியது. எண்ணிக்கையை ஒப்பிடுதல் எளிது. மனிதர் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டுத் தம் நிலையை மதிப்பிட முனைவர் என்பதை அமெரிக்க உளவியலறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே விளக்கியுள்ளார். பிறர் தேர்ந்தெடுத்து வெளியிடும் மகிழ்ச்சியான பொழுதுகளைத் தம் முழு வாழ்வோடு ஒப்பிடுபவர் சோர்வடைவது இயல்பே.

உணர்ச்சியும் பகிர்வும்

ஆளுமை நீடித்திருப்பது, உணர்ச்சி நொடியில் எழுந்து மாறுவது. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று பெயரிட்டு, எண்வகையாகப் பகுத்துள்ளது. முகத்தில் தோன்றும் மெய்ப்பாடு இன்று விரல்நுனியிலும் வெளிப்படுகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, முடிவுகளை 2018இல் வெளியிட்டனர். மெய்ச்செய்திகளைவிடப் பொய்ச்செய்திகளே விரைவாகப் பரவியிருந்தன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் தானியங்கி நிரல்கள் அல்ல, மனிதர்களே என்பதும் தெரியவந்தது. பொய்ச்செய்திகளுக்கு வந்த மறுமொழிகளில் வியப்பு, அச்சம், அருவருப்பு ஆகியன மிகுந்திருந்தன. மருட்கை, அச்சம், இளிவரல் என்னும் மெய்ப்பாடுகளோடு இவை நெருங்கியிருத்தல் கருதத்தக்கது.

அச்சத்தின் விலை

குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்னும் வதந்தி, 2018இல் வாட்ஸ்அப் வழியே தமிழகத்தின் வடமாவட்டங்களில் பரவியது. அவ்வாண்டு மே மாதம், குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் வழியில் திருவண்ணாமலை மாவட்டச் சிற்றூர் ஒன்றில் குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கிய மூதாட்டி ஒருவர், கடத்தல்காரர் என்று ஐயுற்ற கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வதந்தியைப் பகிர்ந்தவர் அனைவரும் தீயவராக இருந்திருக்கத் தேவையில்லை. பலர் தம் பிள்ளைகளுக்காக அஞ்சிய பெற்றோராகவும் இருந்திருக்கலாம். நல்லெண்ணம் உடையவரின் அச்சமும் ஆராயப்படாதபோது உயிரைப் பறிக்கக்கூடும் என்பதே இந்நிகழ்வு தரும் படிப்பினை.

இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே முன்னனுப்ப இயலும் என்னும் வரம்பை, அவ்வாண்டு சூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் அறிவித்தது. நிறுவனத்தின் வரம்பு எண்ணிக்கையைக் குறைக்கும். செய்தியின் உண்மையை ஆராயாது. அப்பணி பயன்படுத்துவோருடையது. ஒரு செய்தி சினத்தையோ அச்சத்தையோ எழுப்பினால், அதைக் கூறியவர் யார், நிகழ்ந்தது எங்கே, எப்போது என்னும் வினாக்களுக்கு விடை கிடைக்கும்வரை பகிராதிருத்தல் வேண்டும். தம் இயல்பையும் அப்போதைய மனநிலையையும் அறிந்தவரே அவ்வாறு பொறுத்திருக்க வல்லவர்.